பச்சிளங்குழந்தைக்குத் திருமுழுக்கு: சிங்கப்பூர்ப் பெற்றோர் தயாராவது எப்படி

பிறந்த குழந்தைக்கு ஜெபம் சொல்லத் தெரியாது. கோயிலுக்குத் தூக்கி வந்தால் பாதி நேரம் தூங்கும், மீதி நேரம் அழும். நல்லது என்று சொல்ல இன்னும் ஒன்றும் செய்திராத அந்த உயிரைத்தான் கடவுள் தம் பிள்ளை என்று அழைக்கிறார். நாம் அவரை நேசிக்கும் முன்பே அவர் நம்மை நேசித்தார் என்கிறது யோவானின் முதல் திருமுகம் (4:10). கத்தோலிக்கத் திருச்சபை கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுப்பதன் அடிப்படை இதுதான். ஏற்பாடுகளில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள்.

மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளிலும் குழந்தை ஞானஸ்நானம் உண்டு. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்வார்கள், அதாவது ஜெபித்துக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பார்கள். ஞானஸ்நானம் பிள்ளை வளர்ந்து தானே விசுவாசத்தை அறிக்கையிடும்போது. இங்கே சொல்வது கத்தோலிக்க முறை.

நாள் குறிப்பது

பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் முயல வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 867). நடைமுறையில் ஊரிலிருந்து தாத்தா பாட்டி வர வேண்டும், மண்டபம் கிடைக்க வேண்டும், சாப்பாட்டுக்கு ஆள் சொல்ல வேண்டும் என்று தள்ளித் தள்ளி, முதல் பிறந்தநாளோடு சேர்த்துவிடுகிறார்கள். விருந்தைத் தள்ளுங்கள், திருமுழுக்கைத் தள்ளாதீர்கள். தாயின் முப்பது, நாற்பது நாள் பத்தியம் முடியும்வரை பொறுப்பதில் தவறில்லை. அதற்குமேல் காத்திருக்கப் பெரும்பாலும் காரணம் இல்லை.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே பங்கு (நீங்கள் சேர்ந்த கோயில்) அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். பெற்றோருக்கான ஆயத்த வகுப்பு அநேகமாக எல்லாப் பங்குகளிலும் உண்டு. பிரசவத்துக்கு முன்பே அதில் கலந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். பிள்ளை பிறந்த பிறகு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவது லேசான காரியமல்ல. சடங்கு தமிழில் வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் நீண்டகால வீடு. நீங்கள் வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால், உங்கள் பங்குத்தந்தையின் அனுமதியோடு அங்கே கேட்கலாம்.

இரண்டாம் மாதத்தில் போடும் ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரக்கூடும். அந்த வாரக் கடைசியில் நாள் குறிக்காதீர்கள். குறைமாதக் குழந்தை என்றால் கூட்டத்தில் கொண்டுபோகலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள்கள், பெயர், ஞானப்பெற்றோர்

சிங்கப்பூரில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். 2022 மே மாதக் கடைசியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் வருகிறது. அதைப் பதிவிறக்கி ஒரு பிரதி அச்சிட்டு வையுங்கள். பெற்றோரின் திருமணச் சான்றிதழ், ஞானப்பெற்றோரின், அதாவது விசுவாசத்தில் பிள்ளைக்குத் துணை நிற்பவர்களின், திருமுழுக்கு, உறுதிபூசுதல் (திருமுழுக்கை நிறைவாக்கும் அருட்சாதனம்) சான்று ஆகியவற்றையும் பொதுவாகக் கேட்பார்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரின் எழுத்துக்கூட்டல் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் இருபத்தைந்து வருஷம் கழித்துத் திருமணப் பேச்சின்போது அலைய நேரும். புனிதர் பெயர் கட்டாயமில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாவிட்டால் போதும். அன்பரசியும் இனியனும் தாராளமாக வைக்கலாம்.

ஞானப்பெற்றோர் ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பொதுவாக 16 வயது நிரம்பியவராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் (பூசையில் பெறும் திரு அப்பம்) பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். குழந்தையின் தாயோ தகப்பனோ ஆக முடியாது. வேறு சபையில் திருமுழுக்குப் பெற்ற சித்தப்பாவையோ அத்தையையோ, கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்த்துச் சாட்சியாக நிறுத்தலாம். தாய்மாமன்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார் என்ற பேச்சு வீட்டில் எழும். குழந்தையை மாமன் மடியில் வைத்து அவரையே பெயர் சொல்லச் சொல்லுங்கள், விருந்தில் முதல் இலையைப் போடுங்கள். விசுவாசத்தில் பிள்ளைக்குக் கைகொடுக்கக் கூடியவரையே ஞானப்பெற்றோராக நிறுத்துங்கள்.

கோயிலில் திருமணம் செய்யாத பெற்றோரும் தனித்து வளர்க்கும் தாய்மாரும், ‘நமக்குத் தருவார்களா’ என்று கூசி ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்காதீர்கள். சட்டம் கேட்பது இரண்டு: பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்க வேண்டும் (எண் 868). பெற்றோரின் நிலையைக் காட்டிப் பிள்ளையைத் தள்ளிவைப்பதில்லை. 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் போப் பிரான்சிஸ் திருமுழுக்குக் கொடுத்த குழந்தைகளில், கோயிலில் திருமணம் செய்யாத தம்பதியின் குழந்தையும் இருந்தது.

சடங்கு அன்று

வெள்ளை உடை முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். ஆயத்த எண்ணெயை நெஞ்சில் பூசுவார்கள்; முதுகில் பொத்தான் வைத்த கவுன் என்றால் அந்த நேரத்தில் குழந்தையைப் புரட்டிப் போராட வேண்டிவரும். மணியும் ஜரிகையும் வைத்தது வேண்டாம், மெல்லிய பருத்தியே போதும். வெளியே புழுக்கம், உள்ளே குளிர்சாதனம் என்பதால் ஒரு துண்டும் மாற்றுடை ஒன்றும் எடுத்துப்போங்கள். அரை மணி நேரம் முன்பே போய்ப் பால் கொடுத்து ஏப்பம் விடவையுங்கள். நடுவில் பசித்து அழுதால் அங்கேயே கொடுங்கள். அதே 2014 சடங்கில் போப் பிரான்சிஸ் தாய்மாரிடம் சொன்னதும் அதைத்தான்.

முதலில் என்ன பெயர், எதைக் கேட்கிறீர்கள் என்று குரு கேட்பார். “திருமுழுக்கு” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாவத்தை விட்டுவிடுவதாகவும் விசுவசிப்பதாகவும் பெற்றோர் சொல்லும் பதில்கள் முணுமுணுப்பாகவே வருகின்றன, காரணம் எல்லார் கண்ணும் கேமராவில் இருப்பது. படம் எடுக்க ஒருவரை மட்டும் நியமித்துவிட்டு மற்றவர்கள் பதில் சொல்லட்டும்.

தண்ணீர் ஊற்றும்போது தொப்பியைக் கழற்றி, கழுத்தையும் தலையையும் ஒரு கையால் தாங்கி, முகம் மேல்நோக்கிச் சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். மூன்று முறை ஊற்றுவார்கள். பிறகு உச்சியில் கிறிஸ்மா தைலம் (ஆயர் மந்திரித்த நறுமண எண்ணெய்), வெள்ளை உடை, பாஸ்கா திரியிலிருந்து (ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய மெழுகுதிரி) ஏற்றிய மெழுகுதிரி. திரியை ஞானத்தந்தை பிடிக்கட்டும், குழந்தையின் துணியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி.

உயிருக்கு ஆபத்து என்றால்

குருவுக்காகக் காத்திருக்க வேண்டாம். செவிலியரோ பாட்டியோ, திருமுழுக்குப் பெறாதவரோ கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு கொடுக்கலாம். குழந்தையின் தலையில் சாதாரணத் தண்ணீர் வழிந்தோடும்படி ஊற்றிக்கொண்டே சொல்ல வேண்டியது: “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.” ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றக்கூடாது, அப்படிக் கொடுத்தது செல்லாது என்று 2020இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளைக்குச் சில துளிகளே போதும், ஆனால் அவை தோலில் ஓட வேண்டும். பிறகு பங்கு அலுவலகத்தில் சொல்லிப் பதிய வையுங்கள்.

அதற்குள் பிள்ளை போய்விட்டால், தாயிடம் “முன்னாலேயே கொடுத்திருக்கலாமே” என்று யாரும் சொல்லவிடாதீர்கள். அந்தக் குழந்தையைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பை நம்பிக் காத்திருக்க வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் வெளியான வத்திக்கான் இறையியல் ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. அடக்கச் சடங்குக்கும் ஜெபத்துக்கும் பங்குத்தந்தையைத் தயங்காமல் கூப்பிடுங்கள்.

வீட்டில்

இரவில் தூங்கவைக்கும்போது நெற்றியில் சிலுவை வரைந்து, பெயர் சொல்லி, “இயேசு உன்னை நேசிக்கிறார்” என்று சொல்லுங்கள். அன்று முழுக்க அழுது படுத்திய நாளிலும் அதே சொல்தான். இரண்டு வயதில் அடம் பிடிக்கும்போது “சாமி கண்ணைக் குத்தும்” என்ற மிரட்டல் தானாக வாயில் வரும், பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும்கூட. முன்கூட்டியே வீட்டில் பேசி அதை நிறுத்திவிடுங்கள். தப்பைத் தப்பு என்று கண்டியுங்கள், வேண்டுமானால் பொம்மையை எடுத்து வையுங்கள். கடவுளின் அன்பை மட்டும் பணயமாக வைக்காதீர்கள்.

திருமுழுக்கு மெழுகுதிரியை அலமாரிக்குள், வெயில் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் வளைந்துவிடும். வருஷா வருஷம் திருமுழுக்கு நாளில் சில நிமிடம் ஏற்றி அணைத்தால், முதல் நற்கருணை வரைக்கும் வரும்.