மாருதி 800-க்கு வீட்லயே ஃபைபர் பானெட் போடுறது எப்படி

ஃபைபர்னா தானா வெயிட் குறையும்னு நினைக்காதீங்க, ரெசினை (கண்ணாடி இழையை ஒட்டி இறுக வைக்குற பிசின் திரவம்) அள்ளி ஊத்துனா தகர பானெட்டே தேவலைனு ஆயிடும். கணக்கு பாருங்க, 0.7 மி.மீ தகரம் ஒரு சதுர மீட்டருக்கு அஞ்சரை கிலோ வரும், அதுக்கு பதிலா 450 ஜிஎஸ்எம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் வர்ற கண்ணாடி இழை விரிப்பு) ரெண்டு லேயர்னா கிளாஸ் 900 கிராம், ரெசின் அதுல ரெண்டு மடங்கு, ஜெல்கோட்டும் (வெளிப்பக்கம் வர்ற வழவழப்பான ரெசின் பூச்சு) சேர்த்து மூணரை கிலோக்குள்ள முடிக்கலாம்.

முதல்ல மோல்ட், அதாவது அச்சு. நெளிவு எடுத்த பழைய பானெட்ட நல்லா பாலிஷ் பண்ணி மோல்ட் வேக்ஸ் அஞ்சாறு கோட், ஒவ்வொண்ணையும் காயவிட்டு துடைச்சு போடுங்க, மேல பிவிஏ (ஒட்டாம பிரிய வைக்குற படலம்). இங்க அவசரப்பட்டா மோல்டும் பானெட்டும் ஒட்டிக்கும், ரெண்டும் போச்சு. அப்புறம் ஜெல்கோட், மேட் நாலு லேயர், பின்னாடி மரச்சட்டம், ரெண்டு நாள் விட்டு கழட்டுங்க.

ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்: கோபால்ட்டையும் (ரெசின் இறுகுறதை வேகப்படுத்துறது) ஹார்டனரையும் (ரெசினை இறுக வைக்குறது) நேரடியா கலக்கவே கூடாது, வெடிக்கும். ரெசின்ல கோபால்ட்ட நல்லா கலக்கி முடிச்சிட்டு அப்புறம்தான் ஹார்டனர். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 மி.லி போதும், அதுவும் காலைலயே வேலைய ஆரம்பிங்க, அரை அரை கிலோவா கலக்குங்க, மொத்தமா கலக்குனா டப்பாவுலயே சூடாகி கல்லாயிடும். கண்ணாடி, கிளவுஸ், கெமிக்கல் மாஸ்க் கட்டாயம், ஹார்டனர் கண்ணுல பட்டா பார்வையே போயிடும். துணி மாஸ்க் இந்த வாடைக்கு உதவாது.

இப்ப புது பானெட் எடுக்க, மோல்டுக்கு உள்ளயும் அதே மாதிரி வேக்ஸ், பிவிஏ, ஜெல்கோட். விரல் வச்சா பிசுபிசுனு இருக்கணும் ஆனா விரல்ல ஒட்டி வரக்கூடாது, அதுதான் மேட் போடுற பதம். மேட்டை வெட்டாம கையால கிழிங்க, ஓரம் நல்லா படியும். பிரஷ்ஷால குத்தி குத்தி நனைங்க, வெள்ளை மறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆனதும் நிறுத்திடுங்க, ரோலர் உருட்டி காத்தை எடுங்க. அடியில விறைப்புக்கு பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் பட்டை வச்சு மேல ஒரு லேயர் மேட். தெர்மாகோல் வேண்டாம், ரெசின் அதை கரைச்சிடும்.

ஓரத்தை முழுசா இறுகுறதுக்கு முன்னாடியே கட்டர் கத்தியால வெட்டிடுங்க, காஞ்சப்புறம் கிரைண்டர் போட்டா தூசி உடம்பெல்லாம் அரிக்கும்.

மாட்டும்போது பழைய லாக்கை நம்பாதீங்க, நாலு மூலைக்கும் பானெட் பின் (பானெட்டை பாடியோட பூட்டுற பின்), பின் வர்ற இடத்துல கூட ரெண்டு லேயர் மேட். இது டிராக் வண்டிக்குதான், ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு வேண்டாம்.