காப்பகத்து நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டிற்கு வந்த முதல் குட்டி, பதினோராம் நாள் காப்பகத்திற்கே திரும்பிப் போனது. வேட்டை நாயின் கலப்பு. நீண்ட கால்கள், தேன் நிறக் கண்கள். பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் "இதுதான்" என்று சொல்லிவிட்டோம். நாங்கள் இருவருமே காலையில் பூட்டிவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். அந்தக் குட்டி நாள் முழுவதும் கதவைப் பிறாண்டி, நகம் பிய்ந்து இரத்தம் கசிய நின்றது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. முகத்தைப் பார்த்தோம், எங்கள் வாழ்க்கையைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வாரம் உங்கள் நாளைக் குறித்து வையுங்கள்

காப்பகத்திற்குப் போகும் முன்பே இதைச் செய்யுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், வீடு எவ்வளவு நேரம் பூட்டிக் கிடக்கிறது, மாலையில் நடப்பதற்கு உடம்பில் தெம்பு மிஞ்சுகிறதா என்று எழுதுங்கள். நடப்பதை மட்டும் எழுதுங்கள். "நாய் வந்தால் தினமும் விடியலில் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போவேன்" என்ற ஆசையை அந்தத் தாளில் சேர்க்காதீர்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் அந்த வழியும் பாதிதான் பலிக்கும். சித்திரை, வைகாசியில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால், நாயின் பாதத்திற்கும் அது ஆகாது. நடை என்பது விடிகாலையிலும் இருட்டிய பின்னும்தான். ஆகவே அடர்ந்த ரோமமுள்ள ஹஸ்கி, தட்டை மூக்குள்ள பக் போன்றவை யாரோ கைவிட்டுக் காப்பகத்தில் இருந்தால், குளிர்ந்த அறையும் தொடர்ந்த கவனிப்பும் தர முடிந்தவர்கள் மட்டும் அவற்றைக் கேளுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்குப் பழகிய வம்சங்கள். அவற்றின் கலப்புகளுக்கும் ஓட இடம் வேண்டும். இரண்டு அறை வீட்டுக்கு என் தேர்வு எப்போதும் நடுத்தர உடலுள்ள நாட்டு நாய்தான்.

இரண்டாம் படி: வீட்டையும் வீட்டாரையும் கேளுங்கள்

வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பையே தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இருந்தாலும் சண்டையோடு நுழையும் நாய்க்கு அந்தப் படிக்கட்டில் நிம்மதி கிடைக்காது. முன்கூட்டியே பக்கத்து வீட்டாரிடம் பேசிவிடுங்கள். வீட்டில் தடுமாறி நடக்கும் பாட்டி இருந்தால், மேலே தாவிக் கொஞ்சும் பெரிய நாய் வேண்டாம்.

மழையை மறக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024-இல் பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டி, தெருத்தெருவாக வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நீங்கள் தரைத்தளத்தில் இருந்தால், முப்பது கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். வாசலில் கட்டிப் போடத்தான் நாய் என்றால், தயவுசெய்து காப்பகத்திற்கே போக வேண்டாம்.

மூன்றாம் படி: வயதை முடிவு செய்யுங்கள்

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அதன் பிறகும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும், இரவில்கூட. கலப்புக் குட்டி எவ்வளவு வளரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு வயது தாண்டிய நாயின் அளவும் குணமும் கண்முன்னே தெரிகின்றன. முதன்முறை வளர்ப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள நாயையே நான் சொல்வேன். ஓய்வு பெற்ற தம்பதிக்கு எட்டு வயது நாய் அருமையான துணை.

நான்காம் படி: காப்பகத்தில் பொறுமையாகப் பாருங்கள்

இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். சாப்பாட்டு வேளையைத் தவிர்த்துப் போங்கள். கூண்டின் எதிரே நேராக நின்று கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பிப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் குரைப்பு அடங்கிய பிறகு எது தானாக வந்து மோப்பம் பிடிக்கிறது, எது மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது என்று கவனியுங்கள். ஒடுங்கியதைப் பார்த்தால் நெஞ்சு உருகும். ஆனால் அதற்கு அனுபவமும் நேரமும் உள்ள ஒருவர் தேவை.

வால் ஆட்டுவதெல்லாம் நட்பு என்று நம்பிவிடாதீர்கள். வால் விறைத்து உயர்ந்து, உடம்பும் விறைப்பாக இருந்தால் அது பதற்றம். இடுப்பு வரை நெளிந்து, உடல் தளர்வாக ஆடினால்தான் மகிழ்ச்சி. தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, உதட்டை அடிக்கடி நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது ஆகியவை "என்னைக் கொஞ்சம் விடு" என்பதன் அடையாளங்கள்.

பிறகு கயிறு கட்டி அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். கூண்டில் ஆர்ப்பரிக்கும் நாய் வெளியே வந்ததும் சாதுவாகிவிடுவது உண்டு. சற்றுத் தள்ளிச் சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிடுவது இயல்பு, எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்பதே முக்கியம். சாப்பிடும் நாயின் தட்டில் கைவிட்டுச் சோதிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள். இப்போது எங்களோடு இருக்கும் கருப்பியை, கறுப்பு என்பதற்காகவே பலர் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

வேறொரு நாள், வேறொரு நேரத்தில் மீண்டும் போங்கள். பிள்ளைகளை அப்போது அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை நாயிடம் ஓடக் கூடாது, நாய் பிள்ளையிடம் வர வேண்டும்.

ஐந்தாம் படி: சோறு வைப்பவரிடம் பேசுங்கள்

எந்தச் சோதனையையும்விட இது மேல். "அண்ணா, தனியாக விட்டால் இது என்ன செய்யும்? இடி இடித்தால்? யாராவது திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா, எதற்காக?" என்று கேளுங்கள். கருப்பியைப் பற்றி அங்கிருந்த அக்கா சொன்னது ஒரே வாக்கியம்: "ஆள் இல்லாவிட்டால் படுத்துத் தூங்கிவிடும் அம்மா." எங்கள் பூட்டிய வீட்டிற்கு வேறென்ன வேண்டும்?

ஆறாம் படி: மருத்துவரிடம் காட்டுங்கள்

தடுப்பூசி அட்டையை வாங்குங்கள். ரேபிஸ் ஊசியின் அடுத்த தேதி எப்போது என்று பாருங்கள். எலிக்காய்ச்சலுக்கு எதிரான ஊசி நம் ஊருக்கு மிக அவசியம், தேங்கிய மழைநீர் வழியே அது மனிதருக்கும் பரவும். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். காது நுனியில் வெட்டுக்குறி இருந்தால் தெருவில் பிடித்துக் கருத்தடை செய்யப்பட்ட நாய் என்று பொருள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது.

ஏழாம் படி: முதல் நாட்கள்

தீபாவளி வாரத்தில் அழைத்து வராதீர்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் புது நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது. முதல் மூன்று நாள் உறவினர் யாரும் வேண்டாம். காப்பகத்தில் தின்ற அதே உணவைக் கொடுத்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். வெங்காயம், சாக்லேட், வெந்த கோழி எலும்பு கூடாது. பயம் தெளிய மூன்று நாள், பழக மூன்று வாரம், இது என் வீடு என்று உணர மூன்று மாதம் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. கருப்பிக்கு நான்கு மாதம் ஆனது.

இத்தனைக்குப் பிறகும் ஒத்துவராவிட்டால், மாதக்கணக்கில் மறைத்து வைக்காமல் காப்பகத்திடம் சொல்லுங்கள். நாய் எப்போது மகிழ்ந்தது, எதற்கு மிரண்டது, எவ்வளவு ஓடியது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். நாங்கள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான், பாகூர்ப் பக்கம் வயல் வைத்திருக்கும் ஒரு குடும்பம் எங்கள் முதல் குட்டியை அழைத்துப் போனது.