கை கீழே இருந்த நேரம்: நொக் அவுட் சர்ச்சைகளில் நாம் விடும் பிழைகள்

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய குத்துச்சண்டைகள் எங்களுக்கு ஞாயிறு காலையில்தான் வரும். திருகோணமலையில் அது சலூன்களில் ஆட்கள் சேரும் நேரம். 2011 செப்டம்பர் 18, காலை ஒன்பதரை இருக்கும். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தேன். மூலையில் இருந்த டிவியில் லாஸ் வேகாஸ். ஃபுளோயிட் மேவெதரும் விக்டர் ஓர்டிஸும். கதிரையில் இருந்த ஐயாவுக்கு ஒரு கன்னம் வழித்து முடிந்திருந்தது, மற்றக் கன்னத்தில் நுரை.

நான்காம் சுற்று முடியப்போகிற நேரத்தில் ஓர்டிஸ் மேவெதரை நெருக்கிக்கொண்டுபோய், எம்பித் தலையால் முகத்தில் முட்டினார். தெரிந்தே செய்த வேலை. மத்தியஸ்தர் ஜோ கோர்டெஸ் சண்டையை நிறுத்தி ஒரு புள்ளியைக் கழித்தார். ஓர்டிஸுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது போல. கட்டிப்பிடித்தார், கன்னத்தில் கொஞ்சினார். கோர்டெஸ் இருவரையும் நடுவில் விட்டுத் தொடரச் சொன்னார். ஓர்டிஸ் இன்னொரு தடவை சமாதானம் சொல்லக் கிட்டப்போனார், இரண்டு கையும் கீழே. கோர்டெஸ் நேரக்காப்பாளர் பக்கம் திரும்பியிருந்தார். மேவெதர் இடக்கையால் ஒன்று, வலக்கையால் ஒன்று. ஓர்டிஸ் விழுந்தார், எண்ணி முடியும் வரை எழும்பவில்லை. சுற்று முடிய ஒரே ஒரு செக்கன் மிச்சம்.

சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. "இது களவு அடி" என்றார். வாங்கிலில் இருந்த பெடியன் ஒருவன், "அண்ணை, முதல்ல முட்டினது ஆர்?" என்று கேட்டான். அப்புறம் வாக்குவாதம்தான். ஐயா காய்ந்துபோன நுரையோடு கனநேரம் இருந்தார்.

நான் அன்று கவனித்தது என்னவென்றால், இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. சலூன்காரர் அப்படி அடிப்பது அழகா என்று கேட்டார். பெடியன் அது விதிப்படி சரியா என்று பார்த்தான். இந்த இரண்டையும் ஒன்றாய்க் குழைத்துவிடுவதுதான் நொக் அவுட் சர்ச்சைகளில் நாங்கள் விடும் முதல் பிழை, மற்றப் பிழைகளுக்கெல்லாம் தாய்ப் பிழையும் அதுதான். மேவெதர் சண்டையில் என் கணக்கு இது: அடி சட்டப்படி சரி, ஏனென்றால் மத்தியஸ்தர் தொடரச் சொல்லியாகிவிட்டது. அழகு? இல்லவே இல்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை ஒருவரும் கதைப்பதில்லை. தொடரச் சொன்ன பிறகு மத்தியஸ்தரின் கண் வேறெங்கும் போகக்கூடாது.

குத்துச்சண்டையில் மத்தியஸ்தர் தொடக்கத்திலேயே சொல்லும் ஒரு கட்டளை உண்டு: எந்த நேரமும் உன்னை நீயே காத்துக்கொள். சும்மா சடங்குக்குச் சொல்கிறார் என்று நினைப்பவர்கள் அடி வாங்கிய பிறகுதான் அதை விளங்கிக்கொள்கிறார்கள். நானும் அப்படி விளங்கிக்கொண்டவன்தான். பதினாறு வயதில் ஒரு பாடசாலைப் போட்டியில் என் தலை தவறுதலாக எதிராளியின் புருவத்தில் பட்டுவிட்டது. மத்தியஸ்தர் "ஸ்டொப்" சொன்னார், எச்சரித்தார், "பொக்ஸ்" என்றார். நான் அதற்குப் பிறகு "சொறி மச்சான்" என்று கையை நீட்டினேன். மூக்கில் விழுந்தது. அவனில் பிழையில்லை. "ஸ்டொப்"புக்கும் "பொக்ஸ்"ஸுக்கும் இடையில் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்கலாம், "பொக்ஸ்" சொன்ன பிறகு கேட்பதென்றால் மணி அடிக்கும் வரை பொறுக்க வேண்டும்.

நடுமூலையை மறப்பது

இப்போது மாலையில் டச்பே மணலில் ஏழெட்டுப் பெடியளுக்குக் கொஞ்சம் பழக்குகிறேன். கயிறு கட்ட வசதியில்லை. நாலு மூலைக்கும் நாலு செருப்பு. இரண்டு செருப்பு இரண்டு போட்டியாளர்களுக்கு, மற்ற இரண்டும் ஒருவருக்கும் சொந்தமில்லாத நடுமூலைகள். எதிராளி விழுந்தால் ஓடிப்போய் நடுமூலைச் செருப்பில் நிற்க வேண்டும், அதுவரைக்கும் நான் எண்ண மாட்டேன். பத்து எண்ணுவதற்குள் எழும்பாவிட்டால் விழுந்தவன் தோற்றான். முதல் கிழமை ஒருத்தனும் ஓடுவதில்லை. விழுந்தவனின் தலைமாட்டில் நின்று நெஞ்சில் தட்டிக்கொள்வார்கள்.

அவர்களைக் குறை சொல்லி என்ன, முன்னாள் உலக சம்பியன் டெம்ப்சியே அதைத்தான் செய்தார். 1927 செப்டம்பர் 22, சிகாகோவில் ஜக் டெம்ப்சியும் ஜீன் டன்னியும் மோதினார்கள். ஏழாம் சுற்றில் டன்னி விழுந்தார். டெம்ப்சி பக்கத்திலேயே நின்றார். மத்தியஸ்தர் டேவ் பெரி அவரை நடுமூலைக்குப் போகச் சொன்னார், அவர் நகரவில்லை. கடைசியில் அவர் போன பிறகுதான் பெரி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். டன்னி ஒன்பதில் எழுந்தார். கீழே இருந்தது மொத்தம் பதின்மூன்று, பதினான்கு செக்கன். பத்துச் சுற்றும் முடிந்து டன்னி புள்ளியில் வென்றார். 'நீண்ட எண்ணிக்கை' என்று இன்றைக்கும் கதைக்கப்படும் சண்டை அது. மத்தியஸ்தர் டன்னியைக் காப்பாற்றிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நாலைந்து செக்கனை டன்னிக்குக் கொடுத்தது டெம்ப்சிதான். பழக்கதோஷம்: 1919இல் ஜெஸ் வில்லார்டை அடித்தபோது நடுமூலை விதி இல்லை. விழுந்தவர் எழும்ப எழும்ப, பக்கத்தில் நின்று அடித்தே டெம்ப்சி பட்டத்தை எடுத்தார். எட்டு வருடத்தில் விதி மாறியது, கால் மாறவில்லை.

இதைவிடச் சுவையான கதை அந்தச் சலூன் சுவரிலேயே தொங்கியது. விழுந்து கிடக்கும் சொனி லிஸ்டனுக்கு மேலே நின்று, கையை மடக்கி, வாயைத் திறந்து கத்தும் முகமது அலியின் படம். உலகத்தில் பாதி ஜிம்களில் அந்தப் படம் இருக்கும். வெற்றிக் களிப்பு என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். உண்மையில் அது நடுமூலைக்குப் போகாமல் நிற்கும் ஒருவரின் படம். 1965 மே 25, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரம், முதல் சுற்று. மத்தியஸ்தர் ஜெர்சி ஜோ வோல்கொட், அவரே ஒரு முன்னாள் உலக சம்பியன், அலியை விலக்குவதிலேயே மாய்ந்துபோனார், எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. லிஸ்டன் எழும்பி, இருவரும் மறுபடி சண்டையும் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது கயிற்றுக்கு வெளியிலிருந்த பத்திரிகையாசிரியர் நட் ஃபிளெய்ஷர் பத்து எப்போதோ தாண்டிவிட்டது என்று சொல்ல, வோல்கொட் ஓடிவந்து நிறுத்தினார். லிஸ்டன் வேண்டுமென்று விழுந்தார் என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது. அலியின் அந்தக் குத்தே பலரின் கண்ணில் படவில்லை. ஆனால் அலி நேரே மூலைக்குப் போயிருந்தால் குழப்பத்தில் பாதி இருந்திருக்காது. இதைச் சலூன்காரரிடம் சொன்னேன். "சரி தம்பி, படம் வடிவாய்த்தானே இருக்கு" என்றார்.

ஸ்டொப்வொட்ச்சைக் கையில் எடுப்பது

பத்து என்பது மத்தியஸ்தரின் வாயிலிருந்து வரும் பத்து. விழுந்தவர் கேட்டு எழும்புவது அந்தக் குரலைத்தான். 1990 பெப்ரவரி 11, டோக்கியோவில் எட்டாம் சுற்றில் மைக் டைசன் பஸ்டர் டக்ளஸை விழுத்தினார். டக்ளஸ் மத்தியஸ்தரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்து ஒன்பதில் எழுந்தார். பத்தாம் சுற்றில் டைசனை அடித்து வீழ்த்தினார். எண்ணிக்கை மெதுவாக இருந்தது என்று டைசன் பக்கம் முறையிட்டது. இரண்டு அமைப்புகள் டக்ளஸைச் சம்பியனாக ஏற்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு, சில நாளில் இறங்கிவந்தன. வீடியோவில் மணிக்கூட்டை வைத்து அளந்தால் பத்துக்கு மேல்தான் வரும். அதற்கென்ன? ஒன்பது வரை எண்ணக் கேட்டுவிட்டு எழும்பும் உரிமை விழுந்தவனுக்கு உண்டு. கடைசிச் செக்கனில் விழுந்தால் மணி காப்பாற்றும் என்று நம்புவதும் இதே மாதிரிதான். இன்றைய பொது விதிகளில் எந்தச் சுற்றிலும் மணி காப்பாற்றாது.

மணிக்கூடு பார்க்கும் இந்தப் பழக்கத்தால்தான் நான் பல வருடம் ஒரு மத்தியஸ்தரைத் திட்டித் தீர்த்தேன். 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். பன்னிரண்டாம் சுற்று. மெல்ட்ரிக் டெய்லர் மூன்று நடுவர்களில் இருவரின் அட்டையில் முன்னால். நின்றாலே போதும். ஜூலியோ சீசர் சாவேஸின் வலக்கை விழுந்தது, டெய்லர் சரிந்தார், எழும்பினார். மத்தியஸ்தர் ரிச்சர்ட் ஸ்டீல் சரியாக இருக்கிறாயா என்று கேட்டார். டெய்லரின் பார்வை தன் மூலைப் பக்கம் போனது, பதில் வரவில்லை. ஸ்டீல் நிறுத்தினார். இரண்டு செக்கன் மிச்சம்.

இரண்டு செக்கன்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த வீடியோவைப் பார்த்தால் நான் டெய்லரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். வீங்கிய கண், வாயெல்லாம் இரத்தம். சண்டை முடிந்து அவர் போனது ஆஸ்பத்திரிக்கு. ஸ்டீலின் வேலை மனிதரைப் பார்ப்பது, அவர் அதைச் செய்தார். வேறொரு பக்கத்தையும் பாருங்கள். 1962 மார்ச் 24, நியூயோர்க், இதே பன்னிரண்டாம் சுற்று. மூலையில் கயிற்றில் சாய்ந்துகொண்டு, விழவும் வழியில்லாமல் நின்ற பெனி பரெட்டை எமில் கிரிஃபித் அடித்துக்கொண்டே இருந்தார். மத்தியஸ்தர் ரூபி கோல்ட்ஸ்டீன் பிந்திவிட்டார். ஏப்ரல் 3ஆம் திகதி பரெட் இறந்தார். 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரியாவின் கிம் டுக் கூ பதினான்காம் சுற்றில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகள் பதினைந்திலிருந்து பன்னிரண்டு சுற்றாகத் தொடங்கின. முந்தி நிறுத்தினால் அன்றைக்கே கூச்சல் போடுகிறோம். பிந்தி நிறுத்தினால் செத்த வீட்டுக்குப் பிறகுதான் வாய் திறக்கிறோம்.

இதற்காக எல்லாரையும் உடனே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2018 டிசம்பர் 1இல் டியொன்டே வைல்டர் பன்னிரண்டாம் சுற்றில் டைசன் ஃபியூரியை மல்லாக்கக் கிடத்தினார். கையசைத்து முடித்திருந்தால் மத்தியஸ்தர் ஜக் ரீஸை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் குனிந்து எண்ணினார். ஃபியூரி எழும்பினார். பக்கவாட்டில் நடந்து காட்டச் சொல்லி, கால் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார். சண்டை சமநிலையில் முடிந்தது.

ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

2023 ஓகஸ்ட் 26, போலந்தில் ஒலெக்சாண்டர் உசிக், டேனியல் டுபுவா. எங்களுக்கு அது நடுச்சாமம் தாண்டிய நேரம். ஐந்தாம் சுற்றில் டுபுவாவின் குத்து உசிக்கின் இடுப்புப் பட்டியில் விழுந்தது, உசிக் மடங்கினார். மத்தியஸ்தர் லூயிஸ் பபோன் அதைக் கீழடி, அதாவது இடுப்புக்குக் கீழே விழுந்த அடி, என்றார். கீழடி என்றால் எண்ணிக்கை கிடையாது, தேற ஐந்து நிமிடம் வரை கிடைக்கும். உசிக் நாலு நிமிடத்துக்குக் கிட்ட எடுத்தார், ஒன்பதாம் சுற்றில் டுபுவாவை முடித்தார். விடிய முன்னரே எங்கள் வட்சப்பில் நிறுத்திய படங்கள் பறந்தன. ஒரு படத்தில் கை பட்டிக்கு மேலே, இன்னொன்றில் கீழே. கமரா எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி. காற்சட்டையை எவ்வளவு மேலே இழுத்துக் கட்டினாலும் விதியின் கோடு உடம்பில்தான் இருக்கிறது, துணியில் இல்லை. நான் பத்துத் தடவை பார்த்துவிட்டு இன்னும் அங்கும் இங்குமாகத்தான் நிற்கிறேன். 2025 ஜூலையில் வெம்பிளியில் உசிக் இரண்டாம் முறை ஐந்தாம் சுற்றிலேயே வென்ற பிறகு வட்சப்பும் அடங்கிவிட்டது.

அடிக்கிறவருக்கு ஒன்று. எதிராளியின் உடம்பில் பாதத்தைத் தவிர எது தரையில் பட்டாலும் அவர் விழுந்தவர்தான், அதற்குப் பிறகு அடிக்கக்கூடாது. 1997 மார்ச்சில் ரோய் ஜோன்ஸின் அடிக்குத் தாங்காமல் மொன்டெல் கிரிஃபின் ஒன்பதாம் சுற்றில் ஒரு முழங்காலை ஊன்றினார். ஜோன்ஸின் கை நிற்கவில்லை, இரண்டு குத்து விழுந்தது. தகுதிநீக்கம். அதுவரை தோல்வியே காணாத ஜோன்ஸுக்கு அதுதான் முதல் தோல்வி. ஓகஸ்டில் அதே கிரிஃபினை முதல் சுற்றிலேயே முடித்தார் என்றால், மார்ச்சில் அரைச் செக்கன் பொறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பொறுத்தவர்களும் இருக்கிறார்கள். 1983இல் லரி ஹோம்ஸ், மார்விஸ் ஃபிரேசியரைக் கயிற்றில் வைத்து அடித்துக்கொண்டிருக்கும்போதே, நிறுத்துங்கள் என்று மத்தியஸ்தருக்குக் கை காட்டினார். 2016இல் கனெலோ அல்வாரெஸ், ஆமிர் கானை ஒரே வலக்கையால் கிடத்திய கையோடு பக்கத்தில் முழங்காலில் குந்திவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே 1974 ஒக்டோபர் 30, கின்ஷாசா, எட்டாம் சுற்று. ஜோர்ஜ் ஃபோர்மன் சுழன்று விழுந்துகொண்டிருக்கிறார். அலியின் வலக்கை ஓங்கியபடி அவரோடு கூடவே சுற்றுகிறது, இறங்கவில்லை. அடித்திருந்தால் விதி ஒன்றும் செய்திருக்காது, ஃபோர்மன் இன்னும் தரையில் படவில்லை.

போன மாதம் அந்தச் சலூனுக்குப் போனபோது கின்ஷாசா வீடியோவை ஃபோனில் போட்டு, அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன். சலூன்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவன் அடிச்சிருந்தா நான் அவன்ர படத்தை அப்பவே கழட்டியிருப்பன்" என்றார். "அந்த மேவெதர்ர கதையை மட்டும் எடுக்காதை, கையில கத்தி இருக்கு."