முன்பக்கம் ‘டொக் டொக்’ சத்தமா? ஷாக் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

முன்சக்கரப் பக்கம் ‘டொக்’ என்று கேட்டால், பட்டறையில் பெரும்பாலும் வரும் முதல் பதில் “ஷாக் போயிருக்கும் சார்” என்பதுதான். நானும் அதைக் கேட்டு இரண்டு பக்க ஷாக் அப்சார்பரையும் மாற்றினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த முதல் பள்ளத்திலேயே அதே சத்தம். கடைசியில் பார்த்தால், தேய்ந்திருந்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லிங்க் ராடு. பல ஆயிரம் வீணானதைவிட, யாருமே வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை வருத்தியது.

பெரிய தவறு அதுதான். “முன்னாடி சத்தம் வருது” என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. எப்போது வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள்.

லிங்க் ராடிலிருந்து தொடங்கலாம். நம் ஊர் ஹேட்ச்பேக் கார்களில் அடிக்கடி போவது அதுதான். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டேபிலைசர் பாரின் இரு முனைகளிலும் இருக்கும் சின்னக் கம்பி அது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் அந்த பார் முறுக்கப்பட்டு, லிங்க் ராடுக்கு வேலை வரும். அதனால் வேகத்தடையில் நேராக ஏறினால் சத்தம் குறைவாகவும், சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏறினால் ‘லொடக் லொடக்’ என்றும் கேட்டால், சந்தேகம் முதலில் இதன் மேல்தான் விழ வேண்டும். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் இது நன்றாகவே கேட்கும்.

இதைச் சோதிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்டேபிலைசர் பார் முறுக்கி இழுத்துக்கொண்டு நிற்கும். தேய்ந்துபோன ஜாயின்ட்கூட அப்போது இறுக்கமாகத்தான் தெரியும். “இது நல்லாத்தான் இருக்கு” என்று விட்டுவிடுவார்கள். நான்கு சக்கரமும் தரையில் இருக்க, பட்டறையில் வண்டிக்கு அடியில் இருக்கும் சர்வீஸ் பள்ளத்தில் இறங்கி லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுதான் சரி.

பிரேக் மிதிக்கும்போதோ, ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதோ ஒரே ஒரு ‘தடக்’ கேட்டால், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) மாட்டியிருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுண்டைப் பாருங்கள். முழுதாகத் திருப்பி வளைவில் வண்டியை நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வந்தால் அது சஸ்பென்ஷனே இல்லை, எஞ்சினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயின்ட். மோசமான ரோட்டில் கடகடக்கிற சத்தம், பிரேக்கை லேசாகத் தொட்டவுடன் நின்றுபோனால் பிரேக் பேடோ அதை அழுத்தும் காலிப்பரோ ஆடுகிறது என்று பொருள்.

அதற்கெல்லாம் முன் டிக்கியில் உருளும் ஜாக்கி, தளர்ந்த பேட்டரி கிளாம்ப், எஞ்சினுக்கு அடியில் தொங்கும் பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். பஞ்சர் போட்டபின் புதிதாகச் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி வீல் நட்டைச் சோதியுங்கள். இதில் தாமதம் வேண்டாம்.

தள்ளிப்போடவே கூடாத இன்னொன்று, லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். லிங்க் ராடு தேய்ந்தால் எரிச்சல்தான். பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் வைத்து (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள்), டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் போகலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட்.

சத்தத்தை அடக்க எண்ணெயோ கிரீஸோ ரப்பர் புஷ்ஷில் அடிக்கும் பழக்கம் வேண்டாம். ரப்பர் ஊறி உப்பிவிடும். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தால் சத்தம் போகும் என்பதும் தப்பு; புஷ் தேய்ந்த வண்டிக்குச் செய்த அலைன்மென்ட் நிலைக்காது.

சரியான பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றியபின் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். லோயர் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். தரையில் இறக்கி, வண்டியின் எடை ஏறிய பிறகு கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள், அப்புறம் அலைன்மென்ட். லிங்க் ராடுக்கு அலைன்மென்ட் தேவையில்லை. ஆனால் நட்டை இறுக்கும்போது நட்டு ஏறியிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டும் சேர்ந்து சுழலும். ஆலன் கீயால் அதைப் பிடித்துக்கொண்டு இறுக்காவிட்டால், புது லிங்க் ராடும் பழைய சத்தத்தையே போடும்.