கார் லோகோவை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய லோகோவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய தவறு, லோகோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாராமல் கை வைப்பது. இன்றைய பல கார்களில் முன்பக்க லோகோ வெறும் அலங்காரம் அன்று. முன்னால் செல்லும் வண்டியின் தூரத்தை அளந்து வேகத்தைக் குறைக்க உதவும் ரேடார் அதன் பின்னால்தான் ஒளிந்திருக்கும். ரேடார் அலைகள் தடையின்றிப் போய்வருவதற்காகவே அத்தகைய லோகோவின் பிளாஸ்டிக்கும் பூச்சும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அதை எடுத்துவிட்டு, பார்வைக்கு அச்சாக அதேபோல் இருக்கும் மலிவான குரோம் லோகோவைப் பொருத்தினால் உலோகப் பூச்சு அலைகளை மறிக்கும். தானியங்கி அவசர பிரேக் வசதியே முடங்கக்கூடும். மேலே ஸ்டிக்கர் ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் இதே வம்பை இழுத்துவரலாம். ரேடார் உள்ள காருக்கு, அந்த மாடலுக்கான பாக எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். இங்கே சிக்கனம் வேண்டாம்.

ஒட்டுநாடாவால் நிற்கும் லோகோ என்றால், கழற்றும் முன் அது இருந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லை குறித்துக்கொள்ள வேண்டும். கண்மதிப்பில் ஒட்டிய லோகோ கோணலாக நிற்பது எதிரே வருபவருக்குத்தான் முதலில் தெரியும்! பிறகு ஹேர் டிரையரால் சூடேற்றி, தூண்டில் நரம்பைப் பின்னால் கொடுத்து ரம்பம்போல இழுத்தால் நாடா அறுபடும். பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன் பம்பர் பிளாஸ்டிக்கையே நெளித்துவிடும். பின்பக்கம் ஊசிகளோ கிளிப்புகளோ உள்ள லோகோவை இப்படி அறுக்க முடியாது. அந்தத் துளைகள் புதிய லோகோவுக்கும் பொருந்துமா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்; தகரத்தில் திறந்து கிடக்கும் துளை வழியே நீர் இறங்கித் துருப்பிடிக்கும்.

எஞ்சிய பசையை பிளேடால் சுரண்டுவதும், தின்னரோ அசிட்டோனோ ஊற்றுவதும் பெயின்டுக்குக் கேடு. விரலால் உருட்டியே பெரும்பகுதியை எடுத்துவிடலாம்; பொறுமைதான் வேண்டும். மிச்சத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். பழைய லோகோவின் நிழல்போல ஒரு தடம் தெரிந்தால் பாலிஷ் போட்டுப் பாருங்கள். ஆனால் பாலிஷின் எண்ணெயோ மெழுகோ துளி தங்கினாலும் புதிய நாடா பிடிக்காது. எனவே ஒட்டுவதற்கு முன் மீண்டும் ஆல்கஹாலால் துடைப்பது கட்டாயம்.

சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள். அது பெயின்டைக் கெடுக்கும், சுற்றிலும் வெண்படலம் விடும், அதிர்வில் உடையும். இருபுறமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் நாடாவே சரி. குளிர்ந்த பரப்பில் அது சரியாக ஒட்டாது. 21 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. ஒட்டியதும் அழுத்திப் பிடியுங்கள். பிடிப்பு முழுமையடைய 72 மணி நேரம் ஆகும். அதுவரை அழுத்தத்துடன் பீய்ச்சும் நீரில் காரைக் கழுவ வேண்டாம்.