பந்தல் பிரித்த பிறகு பிரியும் குழுக்கள்

தைப்பூசம் முடிந்ததும் பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் பக்தர்களுக்கு மோரும் சிரப்பும் கொடுத்த பந்தல்களைப் பிரிப்பார்கள். அடுத்த சில வாரங்களில் பந்தல் போட்ட குழுக்களிலும் ஒன்றிரண்டு பிரியும். பத்து வருடம் ஒன்றாக மோர் கரைத்தவர்கள் மறு வருடம் ஐம்பது அடி தள்ளித் தனிப் பந்தல் போடுவார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகமாட்டார்.

பிரிந்தவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் யாரும் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. "எடுத்தாருன்னு சொல்லல தம்பி, ஆனா கணக்குக் கேட்டா மூஞ்சி மாறுது" என்பார்கள். முதல் தவறு அந்த மூஞ்சி மாறுவதுதான். கணக்குக் கேட்டாலே தன் நேர்மை மேல் சந்தேகம் என்று தலைவர் நினைத்துக்கொள்கிறார். கையில் கறை இல்லாதவருக்குத்தான் இது அதிகமாகச் சுடும்; அதனால் நல்ல மனிதர்களே இதில் முதலில் மாட்டுகிறார்கள். யாரும் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். வசூல் இவ்வளவு, ஐஸ், சிரப், கூடார வாடகைக்குப் போனது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று ரசீதுப் படங்களோடு வாரம் ஒருமுறை வாட்சாப் குழுவில் போட்டுவிடுங்கள். ஒருவரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. கேட்க வேண்டிய அவசியமே யாருக்கும் வராது.

இதைவிடப் பெரிய தவறு, "என் கணக்குல போட்டுடுங்க" என்பது. போனிலேயே உடனே பணம் அனுப்பும் டூயிட்நாவ் வந்த பிறகு இது மிகவும் சுலபமாகிவிட்டது. சம்பளம், வீட்டுத் தவணை, மகளின் கல்லூரிக் கட்டணம், பந்தல் நன்கொடை எல்லாம் ஒரே கணக்கில் வந்து போகும்போது, எது யார் காசு என்று அந்த மனிதருக்கே இரண்டு மாதத்தில் தெரியாமல் போகும். அதோடு நிற்பதில்லை. அவர் திடீரென்று இறந்துவிட்டால் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் அவருடைய சொத்தாகத்தான் பார்க்கப்படும். துக்க வீட்டில் அவர் மனைவியிடம் போய், "அக்கா, அதுல நம்ம பந்தல் காசு நாலாயிரம் வெள்ளி இருக்கு" என்று யார் சொல்வது? எந்த முகத்தோடு சொல்வது?

மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு ஒரு சங்கம். அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்து அந்தக் கடிதத்தோடு போனால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறக்கலாம். அவ்வளவு பெரிய வேலை வேண்டாம் என்றால், ஏற்கெனவே பதிவான ஒரு கோயிலையோ குடியிருப்போர் சங்கத்தையோ கேட்டு, அதன் கீழ் பந்தலை நடத்துங்கள். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து கட்டாயம் என்று வையுங்கள். அந்த இரண்டு பேர் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இருந்தால், அது ஒரு கையெழுத்து மாதிரிதான்.

"குறையுறதை நான் போட்டுக்கிறேன், விடுங்க" என்று சொல்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். அன்றைக்கு எல்லாரும் கைதட்டுவார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு சின்ன வாக்குவாதத்தில், "என் காசுல ஓடின பந்தல் இது" என்று அதே வாய் சொல்லும். போட்ட பணம் நன்கொடை என்றால் நன்கொடை என்று எழுதி, மற்ற எல்லாரையும் போல ரசீது வாங்கிக்கொள்ளட்டும். கடன் என்றால் தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் எழுதட்டும். எதுவென்று சொல்லாமல் விட்ட பணம்தான் பிறகு சண்டைக்கு வருகிறது. குடும்பங்களிலும் இதே கதைதான். தம்பி படிப்புக்குக் கொடுத்தது அன்பா, கடனா என்று இருபது வருடமாகத் தெரியாத வீடுகள் நிறைய உண்டு.

பந்தல் குழுவுக்குள்ளேயே கூட்டுப் பணம் பிடிப்பது, அதாவது எல்லாரும் மாதாமாதம் கட்டி, மாதம் ஒருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு, இன்னொரு தவறு. 1971ஆம் ஆண்டிலேயே இதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் தொழிற்சாலை கேண்டீன் வரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் மாதமே எடுத்துக்கொண்ட ஒருவர் நடுவில் கட்டாமல் நின்றால் போலீசுக்கும் போகமுடியாது, குழுவிலும் பேசமுடியாது. கூட்டுத் தலைவரும் பந்தல் தலைவரும் ஒருவரே என்றால் இரண்டும் சேர்ந்து விழும்.

வாட்சாப் குழுவில் திட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஸ்கிரீன்ஷாட்டாகிச் சம்பந்தி வீடு வரை போகும். கோபம் வந்தால் போன் போடுங்கள், இல்லை நேரில் கூப்பிடுங்கள். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) எதிரெதிரே உட்கார்ந்து தே தாரிக் என்ற ஆற்றிய டீ குடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கோபமாக இருப்பது சிரமம்.

பதவி விஷயம் கொஞ்சம் சிக்கல். "அண்ணனே இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, பொதுக்கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்து சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். பதிவான சங்கமென்றால் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமலே விட்டால் பதிவே ரத்தாகலாம். அண்ணனுக்கு அது தெரியும். தம்பிகளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களிடம் இதுவரை கொடுத்தது நாற்காலி தூக்கும் வேலையும் சிரப் கலக்கும் வேலையும்தான். அப்புறம், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஒரு புலம்பல். ஒரு வருடம் கணக்குப் புத்தகத்தை ஓர் இளைஞரிடம் கொடுத்து, பழைய பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தப்பு வரும். வந்தால் அடுத்த பக்கத்தில் திருத்திக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும்போது பாதியை வைத்துக்கொள்வதும் நடக்கிறது. பெயருக்குப் புதுத் தலைவர் வந்திருப்பார். வங்கியில் பழையவர் கையெழுத்து, வாட்சாப் அட்மின் பழையவர், ஐஸ்காரர் நம்பரும் மாநகர் மன்ற அனுமதிக் கடிதங்களின் நகலும் பழையவர் வீட்டு அலமாரியில். இதெல்லாம் ஒரே நாளில் கை மாற வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு வரும் முன்னாள் தலைவர் பானைக்குப் பின்னால் நின்றுகொண்டு இனிப்பு போதவில்லை என்று சொல்லக்கூடாது. மற்றவர்களோடு வரிசையில் நின்று ஒரு கப் வாங்கிக் குடித்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் சொல்லட்டும்.