ஏரிக்கரையில் மடக்குக் கூடாரம்: வாத்துப் படம் எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்வராயன் மலை ஓடைகள் இறங்கி, கன்னங்குறிச்சிப் புது ஏரியும் மூக்கனேரியும் நிறைந்துவிட்டால் சேலத்தில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு விடிகாலைத் தூக்கம் போய்விடும். புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் நம் ஊர்ப் பறவைகள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வடக்கிலிருந்து வந்து தென்னாட்டு ஏரிகளில் குளிர்காலத்தைக் கழிப்பவை. இவற்றைக் கிட்டத்தில் எடுப்பதற்காக இப்போது பலரும் வாங்குவது, மூன்று நான்கு கிலோ எடையில் வட்டமாகச் சுருட்டி முதுகில் மாட்டிக்கொள்ளும் மடக்குக் கூடாரம். பறவை பார்ப்பவர்கள் பேச்சில் அதற்கு 'ஹைட்' என்று பெயர்.

ஹைட் நல்ல சாதனம். ஆனால் அதை வாத்தை நெருங்கிப் போவதற்கான கருவி என்று நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. வாத்து தானாக வரக்கூடிய இடத்தில், அது வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவதற்கான கருவி அது. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி பத்தடியாக நகர்ந்து போனால், நகரும் புதரைப் பார்த்த வாத்து ஏரியின் மறுகரைக்குப் போய்விடும். அன்று முழுக்கத் திரும்பாது.

அவ்வளவு நெருங்கத் தேவையும் இல்லை. முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் போட்டால், 20 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் விழும் அகலம் 1.2 மீட்டர். புள்ளிமூக்கு வாத்தின் நீளம் ஏறக்குறைய 60 செ.மீ. அதாவது படத்தில் பாதியை வாத்தே நிரப்பிவிடும். சிறிய சென்சார் கொண்ட கேமராவில் 400 மி.மீ. லென்ஸே ஏறக்குறைய இதே கணக்கைக் கொடுக்கும். பறவை உட்காரும் இடத்திலிருந்து 20 முதல் 25 மீட்டர் தள்ளி இருந்தால் போதும்.

எந்தக் கரை என்பதைப் பார்க்காமல் உட்காருவது

பலர் வண்டி நிறுத்த வசதியான இடத்தில், ஏரிக்கரை மேட்டின் மேலேயே கூடாரத்தை விரிக்கிறார்கள். கரை மேட்டில் எது இருந்தாலும் வானத்தின் பின்னணியில் கறுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். போதாததற்கு, கரையை ஒட்டித் தண்ணீர் ஆழம். ஊசிவால், தட்டைவாயன், புள்ளிமூக்கு எல்லாம் தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு மேய்பவை; முழங்கால் அளவுக்கும் குறைவான தண்ணீர்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை. அந்த ஆழம் கிடைப்பது ஏரியின் உள்வாய்ப் பக்கத்தில், கோரையும் சம்பும் வளர்ந்த சேற்றுத் திட்டுகளை ஒட்டி.

காற்றையும் வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் தண்ணீரில் இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால், இறங்கும் வாத்து உங்களைப் பார்த்து இறங்கும். நெஞ்சும் விரிந்த இறக்கையும் கிடைக்கும். காற்று முகத்தில் அடித்தால் கிடைப்பது வால் மட்டும். கார்த்திகை, மார்கழியில் இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. சூரியன் தென்கிழக்கில் சாய்ந்து எழுகிறது. எனவே காலையில் கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் காற்றும் வெளிச்சமும் இரண்டுமே முதுகுப்பக்கம் அமைந்துவிடும். மாலையில் இந்தக் கணக்கு குலைந்துபோகும்: வெளிச்சத்துக்காக மேற்கு ஓரத்துக்குப் போனால் காற்று முகத்துக்கு நேராக வரும். மாலையைவிடக் காலை நல்லது என்பதற்கு இதுவே போதுமான காரணம். மலையடிவார ஏரிகளில் காற்று இடத்துக்கு இடம் திரும்பும்; ஒரு நாரில் பஞ்சைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

மறைந்திருப்பதாக நினைத்துக்கொள்வது

இலை அச்சடித்த துணி என்பதால் மட்டும் கூடாரம் மறைந்துவிடாது. கடையில் கிடைக்கும் அச்சு பெரும்பாலும் பச்சை இலைக் காட்டுக்கானது. தை மாதத்துச் சேலம் ஏரியின் ஓரம் காய்ந்த கோரையின் வைக்கோல் நிறத்திலும் செம்மண் நிறத்திலும் இருக்கும். அங்கே பச்சைக் கூடாரம் பளிச்சென்று தனியாக நிற்கும். பழைய மீன்வலை ஒன்றை மேலே போர்த்தி, கிழிந்த கோணிச் சாக்குப் பட்டைகளையும் கீழே உதிர்ந்து கிடக்கும் காய்ந்த கோரையையும் அதில் செருகினால் பாதி வேலை முடிந்தது. வலையின் ஓரங்களை இழுத்துக் கட்டிவிடுங்கள். தளர்ந்து கிடந்தால் பறவையின் கால் சிக்கும். பச்சைக் கிளைகளை ஒடித்து வைக்காதீர்கள். ஒன்பது மணி வெயிலுக்கே இலை சுருண்டு வெளிறிவிடும். நின்றுகொண்டிருக்கும் சம்பையும் வெட்ட வேண்டாம், அது யாருடைய கூட்டுக்கு மறைப்பு என்று நமக்குத் தெரியாது.

நிறத்தைவிடப் பெரிய எதிரி பளபளப்பும் படபடப்பும். புதுப் பாலியஸ்டர் துணி சாய்வெயிலில் மின்னும். பளிச்சென வெளுக்கும் சலவைத்தூளில் துவைத்தால் அதிலுள்ள வெண்மையூட்டி துணியில் ஒட்டிக்கொண்டு நீலமாக ஒளிரும். கூடாரத்தை வெறும் தண்ணீரில் அலசினால் போதும். முளையடித்து, நான்கு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டி, தளர்ந்த துணியைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். அசையாத கூடாரத்தைப் பறவை ஒரு மணி நேரத்தில் பாறை மாதிரி ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரே ஒரு மூலை காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கமே வராது.

அடிக்கடி நடந்தும் யாரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. காற்றுக்காகப் பின்பக்கச் சன்னலையும் திறந்துவைப்பது. முன் சன்னலும் பின் சன்னலும் திறந்திருந்தால், வெளிச்சம் ஊடுருவி, உள்ளே இருக்கும் உங்கள் தலையும் தோளும் பொம்மலாட்டத் திரை நிழல் மாதிரி வெளியே தெரியும். நீங்கள் கண்ணாடியைத் துடைப்பதுகூட ஏரிக்குத் தெரியும். பின்பக்கம் எப்போதும் மூடியே இருக்கட்டும். உள்ளே வெள்ளைச் சட்டையும் வேண்டாம், கரும்பழுப்பு அல்லது கறுப்பு நல்லது. லென்ஸின் முனை சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால், நீங்கள் திருப்பும்போதெல்லாம் ஒரு கறுப்புக் குழாய் ஆடும். முனையைச் சன்னலுக்கு உள்ளேயே வைத்து, இடைவெளியை வலைத்துணியால் மூடுங்கள்.

சத்தம்

ஒட்டும் பட்டை வைத்த சன்னலைப் பிரிக்கும்போது வரும் 'பர்ர்ர்' சத்தம் அமைதியான ஏரியில் வெகுதூரம் கேட்கும். எல்லாச் சன்னலையும் பறவை வருவதற்கு முன்பே தேவையான அளவுக்குத் திறந்துவிடுங்கள், அல்லது ஒட்டும் பட்டையைப் பிரித்தெடுத்துவிட்டு நாடா தைத்துக்கொள்ளுங்கள். ஜிப் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் சத்தமில்லாமல் ஓடும். கூடாரத்தின் எஃகுக் கம்பி விரியும்போது 'படார்' என்று அடித்துக்கொண்டு திறக்கும். அதைக் கரைக்கு வெளிப்பக்கம் விரித்து, விரித்த கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வையுங்கள். கேமராவில் ஒலியில்லா ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

நேரமும் இதோடு சேர்ந்ததுதான். ஜனவரி நடுவில் சேலத்தில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.40 மணிக்கு. ஐந்தரைக்கு உள்ளே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறரைக்குப் போய் முளையடிப்பவர் எழுப்பிவிடும் கூட்டம், பிறகு வருபவர்களின் நாளையும் சேர்த்துக் கெடுக்கும். விடிந்த பிறகுதான் போக முடியும் என்றால் இருவராகப் போங்கள். ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் பறவைகள் பார்க்கும்படி திரும்பி நடக்கட்டும். 'ஆள் போய்விட்டான்' என்று பறவைகள் எடுத்துக்கொள்வது பல நேரம் பலிக்கிறது. ஒன்பதரைக்கு மேல் தண்ணீர்ப்பரப்பில் கானல் எழும். என்ன லென்ஸ் போட்டாலும் படம் குழையும். அப்போது கிளம்பிவிடலாம்.

இருட்டில் கோரைக்குள் நடக்கும்போது டார்ச்சும் கணுக்கால் மூடிய ஷூவும் கட்டாயம். கண்ணாடிவிரியன் உலவும் இடங்கள் அவை. கூடாரத்தின் அடித்துணியை உதறிவிட்டே உட்காருங்கள்.

பொம்மை வாத்தும் இரையும்

இணையக் கடைகளில் மடக்கு பொம்மை வாத்துகளைப் பார்த்திருப்பீர்கள். தட்டையாக மடித்து ஒரு பையில் டஜன் கணக்கில் எடுத்துப்போகும்படி செய்தவை. உரிமம் பெற்றுப் பருவத்தில் வாத்து வேட்டையாடும் நாடுகளில், பறக்கும் கூட்டத்தைத் தரையிறக்க அவற்றை நடுகிறார்கள். நம்மூர் வேடர்களும் பழக்கிய விலங்கையோ பறவையையோ கட்டிவைத்து இனத்தை இழுத்ததுண்டு. அதற்குப் 'பார்வை' என்றே தமிழில் பெயர். இன்று இந்தியாவில் காட்டு வாத்து வேட்டைக்கு இடமே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பிடிப்பதையும் கண்ணி வைப்பதையும் இரை காட்டி இழுப்பதையும், அதற்கான முயற்சியையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

'சுடவா போகிறேன், படத்துக்குத்தானே' என்று பொம்மையை மிதக்கவிடுவதும் வேண்டாம். நங்கூரக் கயிறு அறுந்து மிதந்தால் நாமக்கோழியின் காலில் சுற்றிக்கொள்ளும். களைத்து இறங்கும் பறவையை ஏமாற்றி ஆள் பக்கத்தில் இறக்குவதால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. போனில் குரல் ஒலிபரப்புவதும் இதே வகைதான். தெரியாமலே இரை போடுபவர்களும் உண்டு: லென்ஸ் தாங்கும் பைக்குள் கேழ்வரகோ சோளமோ நிரப்பி வருவார்கள், தையல் விட்டால் தானியம் கரையில் கொட்டும். பையை வெறுமையாக எடுத்துப்போய், அங்கேயுள்ள உலர்ந்த மண்ணை இரண்டு கிலோ நிரப்பி, திரும்பும்போது கொட்டிவிடுங்கள். சுமையும் குறையும்.

கூடு பக்கம் ஹைட் வேண்டவே வேண்டாம். புள்ளிமூக்கு வாத்து தெற்கே நவம்பர், டிசம்பரிலும் கூடு கட்டும், அதுவும் தரையோடு புல்லுக்குள். தாய் விலகியிருக்கும் நேரத்தில் காகத்துக்கு முட்டை தெரிந்துவிடும். மேயும் கூட்டம் ஒட்டுமொத்தமாகக் கழுத்தை நிமிர்த்தி, கோதுவதை நிறுத்தி, ஒரே திசையில் மெல்ல நீந்தத் தொடங்கினால் அது பறப்பதற்கு முந்தைய எச்சரிக்கை. கையை எடுத்துவிட்டு அசையாமல் இருங்கள்.

ஊராரிடம் சொல்லாமல் போவது

விடியாத நேரத்தில் ஏரி உள்வாயில் கூடாரம் தெரிந்தால் வலை வைத்து வாத்து பிடிக்க வந்தவர் என்றுதான் ஊரார் நினைப்பார்கள். நினைப்பதும் நியாயம், அப்படிப் பிடிப்பவர்கள் உண்டு. முந்தைய நாளே மீன் குத்தகைக்காரரிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் "அண்ணே, காலையில போட்டோ எடுக்க வருவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பரிசல் எத்தனை மணிக்கு வலை எடுக்கப் போகும், எந்த மூலையில் கூட்டம் உட்காருகிறது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரும். வனத்துறை இடம் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும்.

மடிக்கத் தெரியாமல் கிளம்புவது

கூடாரம் பாழாவது பெரும்பாலும் ஏரியில் இல்லை, மடிக்கும்போதுதான். ஒரு சன்னலைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தட்டையாக்குங்கள். நிமிர்த்திப் பிடித்து, மேல் முனையைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே கையை ஒரு பக்கம் திருப்புங்கள். கம்பி எட்டு வடிவத்துக்கு வரும். இரண்டு வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று விழவிட்டால் சுருள் தானாக அமையும். வரவில்லையென்றால் திரும்பத் தொடங்குங்கள், முழங்காலை வைத்து அழுத்தாதீர்கள். எஃகுக் கம்பி ஒருமுறை முறிந்து மடங்கினால் அந்த மூலை பிறகு நேராகாது. சன்னல் தொங்கும், துணி படபடக்கும். மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து முறை பழகிவிட்டுப் போங்கள்.

ஏற்காட்டுப் பனியிலோ ஏரி ஈரத்திலோ நனைந்ததை அப்படியே பையில் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து நாறும். தையலுக்குள் ஓடும் கம்பியில் துரு ஏறும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப்போட்டு, மடிப்பு ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் கடைசியாகத்தான் காயும். அது காய்ந்த பிறகு சுருட்டுங்கள்.